ஜூலை 7 விடுமுறையும் ஜார்ஜ்டவுன் நகர்வலமும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஜூலை 7 பினாங்கு மாநிலத்துக்குப் பொது விடுமுறை. 2008 இல் இதே நாளில்தான், கனடாவின் கியூபெக் நகரில் கூடிய யுனெஸ்கோ குழு ஜார்ஜ்டவுனையும் மலாக்காவையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பழைய கட்டடங்களுக்காக ஒரு மாநிலமே விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறது என்றால் அது சின்ன விஷயம் இல்லை. ஏன் விடுமுறை என்று கேட்டால் நம் பிள்ளைகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அதனால் அதற்கு முந்தைய சனிக்கிழமை நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களை நகரத்துக்கு அழைத்துச் செல்கிறோம்.

முதலில் லெய்த் ஸ்திரீட்டில் இருக்கும் நீல மாளிகை. சியோங் ஃபாட் சே என்ற சீன வணிகர் கட்டியது. 38 அறைகள், 5 முற்றங்கள். சிதைந்து கிடந்த அதை 1989 இல் உள்ளூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து வாங்கிப் பல ஆண்டுகள் உழைத்து மீட்டார்கள். 2000 இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது அதற்குக் கிடைத்தது. அந்த நீலம் டின் பெயின்ட் இல்லை. அவுரிச் சாயத்தைச் சுண்ணாம்பில் கலந்து அடித்தது.

சஃபோக் மாளிகை நடக்கிற தூரத்தில் இல்லை என்பதால் அதைப் பற்றி வகுப்பிலேயே பேசிவிடுவோம். பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட்டின் மிளகுத் தோட்டம் இருந்த இடத்தில் நிற்கும் வீடு அது. 1928 இல் மெதடிஸ்ட் சபை வாங்கிய பிறகு ஆண்கள் பள்ளியின் ஒரு பகுதியானது. பிள்ளைகள் சாப்பிடும் கேன்டீனாகவும், பல் மருத்துவ அறையாகவும்கூட இருந்திருக்கிறது. 1975 இல் ஆபத்தான கட்டடம் என்று மூடினார்கள். அப்புறம் கூரையே விழுந்துவிட்டது. அந்த நிலையிலிருந்து மீட்டெடுத்து, 2008 இல் அதற்கும் யுனெஸ்கோ விருது வாங்கியிருக்கிறார்கள். பள்ளிக்கூடமாக இருந்த ஒரு கட்டடத்தை விட்டுவிடாமல் காப்பாற்றினார்களே என்று ஓர் ஆசிரியையாக எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

நகர்வலத்தில் நான் பிள்ளைகளுக்கு முக்கியமாகக் காட்ட விரும்புவது சுவரை. நம் கடைவீடுகளின் பழைய செங்கல் சுவர்களில் தரையிலிருந்து ஓதம் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. உள்ளே தங்கிய ஈரம் உப்பைத் தள்ள, பூச்சு உப்பி, பொருக்கு பொருக்காக உதிர்ந்து, கடைசியில் செங்கல்லே மாவாகிவிடும். அஞ்சடியில், அதாவது கடைவீடுகளின் முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதையில், நடக்கும்போது இரண்டு வகைச் சுவரும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்கலாம். சுவரை மெதுவாகத் தட்டிப் பார்க்கச் சொல்லப்போகிறேன். பூச்சு விட்டுப்போன இடத்தில் பொத்தென்று சத்தம் கேட்கும்.

இந்தச் சுண்ணாம்பு வேலையில் நம்மவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜார்ஜ்டவுனில் 1818 இல் கட்டி முடித்த செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பு. சிங்கப்பூரின் செயிண்ட் ஆண்ட்ரூ பேராலயமும் அப்படித்தான். அதன் உட்சுவருக்குச் சிப்பிச் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவையும் வெல்லத்தையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு இடித்து, மதராஸ் சுண்ணம் பூசினார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இன்றும் விருது விழா மேடையில் உரிமையாளரும் கட்டடக் கலைஞரும்தான் நிற்கிறார்கள். கொத்தனாரையும் தச்சரையும் மேடையேற்றிப் பெயர் சொல்லி மாலை போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சுண்ணாம்பை நீற்றி, வாரக்கணக்கில் ஊறப்போட்டு, பதம் பார்த்துப் பூசத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய வீடுகளின் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997 இல் ரத்தாகி, 2000 தொடக்கத்தில் அந்த ரத்து நடைமுறைக்கு வந்தபோது வாடகை எகிறியது. பல குடும்பங்கள் நகரத்தை விட்டு வெளியேறின. கட்டடம் பளபளப்பாகி, அதில் வாழ்ந்தவர்கள் போய்விட்டால் அந்த விருதில் பாதிதான் நமக்குச் சந்தோஷம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சூலியா ஸ்திரீட்டிலோ குயின் ஸ்திரீட்டிலோ பக்கத்துச் சந்துகளிலோ குடியிருந்திருந்தால், எந்த வீடு, கீழே என்ன கடை இருந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள். பழைய படம் இருந்தால் அசலை அனுப்ப வேண்டாம். கைப்பேசியில் எடுத்து வகுப்பு ஆசிரியருக்கு அனுப்பினால் போதும்.

சரி, ஏற்பாடுகள். காலை 7.30 மணிக்குப் பள்ளியிலிருந்து பேருந்து கிளம்பும். நீல மாளிகையைப் பார்த்துவிட்டு, சூலியா ஸ்திரீட் நாகூர் தர்கா, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1833 இல் எழுந்த மகா மாரியம்மன் கோவில் என்று நடந்து, பகல் 12 மணிக்குத் திரும்புவோம். விளையாட்டு உடை, தொப்பி, தண்ணீர் போத்தல் அவசியம். வழிபாட்டு இடங்களுக்குப் போவதால் கால்சட்டை முழங்காலை மறைக்க வேண்டும். கட்டணம் இல்லை; பெற்றோர் ஆசிரியர் சங்கம் பேருந்துச் செலவை ஏற்றுக்கொண்டது. இணைத்துள்ள அனுமதிப் படிவத்தில் கையொப்பமிட்டு வரும் புதன்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள்.

பெற்றோரிலோ தாத்தாமார்களிலோ கொத்து வேலை, தச்சு வேலை, ஓடு வேய்தல் தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து அலுவலகத்தில் சொல்லுங்கள். நகர்வலத்துக்கு அடுத்த வாரம் உங்களை வகுப்புக்கு அழைத்துப் பிள்ளைகள் முன் பேச வைக்க விரும்புகிறோம். கொத்துக் கரண்டியையும் கொண்டு வாருங்கள். சுண்ணாம்பும் மணலும் பள்ளி வாங்கி வைக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்