தேதியை எழுதிக் கொடுங்கள்: ஃபைபர் நிறுவன மண்டல மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மண்டல மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி செல்லும் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வரும் எங்கள் தெருவைப் பற்றித் தங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஃபைபர் எனும் கண்ணாடி இழை வழி இணைய இணைப்புக் கேட்டு நாங்கள் கொடுத்த மனுக்கள் தங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன. முன்பணம் கட்டிய ரசீதுகள் எங்களிடம் இருக்கின்றன.

ஆனால் சென்ற வாரம் எங்கள் கைப்பேசிகளுக்கு வந்த குறுஞ்செய்தியைத் தாங்கள் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. வாடிக்கையாளர் வீட்டில் இல்லாத காரணத்தால் இணைப்புக் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது என்றது அந்தச் செய்தி. பணம் கட்டிய எல்லா வீடுகளுக்கும் ஒரே மாலையில் ஒரே வாசகம். அன்று எங்கள் தெருவில் ஒரு வீடும் பூட்டிக் கிடக்கவில்லை. அறுவடை முடிந்த நேரம். வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது, வீட்டுக்கு ஓர் ஆளாவது திண்ணையில் காவலுக்கு இருந்தோம். தங்கள் ஆட்கள் யாரும் வரவில்லை. வராதவர்கள் வந்துபோனதாகவும் வீட்டில் இருந்த நாங்கள் இல்லாமல் போனதாகவும் பதிவு செய்திருக்கிறீர்கள். அலுவலகத்துக்கு இன்னொரு மனு எழுதுவதில் இனிப் பயனில்லை என்று தோன்றியதால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நாங்கள் கேட்பது ஒன்றே. எங்கள் தெருவுக்கு எந்தத் தேதியில் இணைப்புக் கொடுப்பீர்கள் என்று எழுத்தில் தாருங்கள். கொடுக்க இயலாது என்றால் அதையும் எழுத்தில் தந்து, வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

ஃபைபர் எங்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்தால் இவ்வளவு ஆதங்கம் வராது. தெருமுனை மின்கம்பத்தில் தங்கள் கேபிள் வந்து நிற்கிறது. மிச்சக் கேபிளைக் கறுப்புச் சுருளாகச் சுற்றி, கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. அதன் மூடி ஒரு பக்கம் கழன்று, காற்றடிக்கும்போதெல்லாம் கம்பத்தில் மோதுகிறது. பால் வாங்கப் போகிறவர்களும் பள்ளிக்கூட வேனுக்கு நிற்கிற பிள்ளைகளும் தினமும் அதைப் பார்க்கிறார்கள். அந்தக் கம்பத்திலிருந்து என் வீட்டுக்கு நான்கே கம்பங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் எஞ்சியிருந்த பழைய தொலைபேசிக் கம்பிகளும் மரங்களோடு போய்விட்டன. அதன் பிறகு கைப்பேசிக் கோபுரத்தை நம்பியே இருக்கிறோம். அது பெரிய சாலையில் இருக்கிறது, இடையில் தென்னந்தோப்பு. பகலில் ஓரளவு வேகம் கிடைக்கிறது. மாலை ஏழு மணிக்குமேல் ஊரே கைப்பேசியைக் கையில் எடுக்கும்போது, இருப்பதை எல்லோருமாகப் பங்கிட வேண்டியிருக்கிறது. மின்வெட்டு நீண்டால் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துவிடும். மழைக்காலத்தில் மின்வெட்டு எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தேதியை ஏன் இப்படிப் பிடிவாதமாகக் கேட்கிறோம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இன்று எங்களுக்குக் கிடைப்பது சிம் போட்டு ஓடும் வீட்டு வைஃபை பெட்டி மட்டுமே. அதற்கு மாதாமாதம் பணம் கட்டலாம், ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ சேர்த்தும் கட்டலாம். சேர்த்துக் கட்டினால் கணிசமாகக் குறையும். ஆனால் அடுத்த மாதம் ஃபைபர் வந்துவிடும் என்று தாங்கள் சொல்லும்போது ஓராண்டுப் பணத்தை யார் முன்கூட்டிக் கட்டுவார்கள்? ஆகவே மாதக் கட்டணத்தையே கட்டுகிறோம். அடுத்த மாதமும் அதே பதில் வருகிறது, மறுபடியும் மாதக் கட்டணம். ஃபைபரே வராது என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் எங்களுக்குப் பணம் மிஞ்சியிருக்கும். இப்போது தங்களிடம் கட்டிய முன்பணமும் முடங்கிக் கிடக்கிறது, அதிகக் கட்டணமும் போய்க்கொண்டிருக்கிறது. தேதி தெரியாமல் ஒரு குடும்பத்தால் எந்தத் திட்டத்தையும் தேர்ந்தெடுக்க முடியாது. கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோகிற விவசாயிக்குக்கூட டோக்கனில் தேதி போட்டுத் தருகிறார்கள்.

திட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தங்கள் துண்டுப் பிரசுரம் எங்கள் தெருவில் வீடு வீடாக வந்தது. 499 ரூபாய் என்று பெரிய எழுத்தில் இருந்தது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் அது 589 ரூபாய் என்பதைக் கடைசி வரியில், என் வயதுக்காரர்கள் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத அளவில் அச்சிட்டிருந்தீர்கள். வரம்பற்ற திட்டம் என்று மேலே இருக்கிறது. 3,300 ஜிபி தாண்டினால் வேகம் குறையும் என்று கீழே இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு 3,300 ஜிபி தாராளம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் வரம்பு இருப்பதை வரம்பு என்றே சொல்லலாமே. 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 100 எம்பி இறங்கும் என்றுதான் எங்கள் தெருவில் பலர் நினைத்திருந்தார்கள். அது மெகாபிட் கணக்கு, மெகாபைட் ஆக்க எட்டால் வகுக்க வேண்டும், பன்னிரண்டரை எம்பிதான் வரும் என்பதை நான் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து விளக்கினேன். 300 எம்பிபிஎஸ் திட்டத்தைப் பிடிவாதமாகக் கேட்டவர்களிடம், நிலையான கம்பி இணைப்பில் 50 வந்தாலே நான்கு பேர் இருக்கும் வீட்டுக்குப் போதும், அந்தப் பணத்தைப் பிள்ளைகளுக்குச் செலவழியுங்கள் என்றேன். எனக்கு ஏற்றும் வேகம்தான், அதாவது இங்கிருந்து கோப்புகளை அனுப்பும் வேகம்தான், முக்கியம். வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். மாதம் 20-ஆம் தேதி இரவு இணையம் நின்றால் மறுநாள் முதல் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணத்தை என் வாடிக்கையாளர் கட்ட வேண்டியிருக்கிறது. பிரசுரத்தில் இறக்கும் வேகம் மட்டும் இருந்தது. ஏற்றும் வேகம் எங்கும் இல்லை.

என் சிரமம் சிறியது. எதிர் வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொன்னால்தான் தாமதம் என்றால் என்ன என்று தங்களுக்குப் புரியும்.

சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தவள். பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தாள். குழந்தை பிறந்த பிறகு, வீட்டிலிருந்தே வேலை செய்ய நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஒரே நிபந்தனை: வீட்டில் கம்பி வழி இணைய இணைப்பு இருக்க வேண்டும். தங்கள் இணையதளத்தில் எங்கள் பின்கோடைப் போட்டுப் பார்த்தாள். வசதி இருக்கிறது என்று காட்டியது. முன்பணம் கட்டி, அந்த ரசீதை நிறுவனத்துக்கு அனுப்பி, அவகாசம் வாங்கிக்கொண்டாள்.

அந்த அவகாசம் முழுவதும் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் சமாளித்தாள். மொட்டை மாடியில் பழைய டிவி ஆன்டெனா குழாய் ஒன்று நிற்கிறது. கைப்பேசியை மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, அதைத் துணிப்பையில் போட்டு, அந்தக் குழாயின் உச்சியில் கட்டுவாள். மாடிப்படி முடிகிற இடத்தில் ஸ்டூல் போட்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்வாள். வெயில் ஏறினால் கைப்பேசி சூடாகி அணைந்துவிடும். தூறல் விழுந்தால் ஓடிப்போய் அவிழ்க்க வேண்டும். கூட்டத்தில் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்துபோகும்; மறுபடி இணைவதற்குள் வேறொருவர் அவள் வேலையைச் சொல்லி முடித்திருப்பார். கீழே குழந்தை அழும் சத்தம் எனக்கே கேட்கும். அவளுக்குக் கேட்காமலா இருக்கும்?

அவகாசம் முடிந்தது. இப்போது மன்னார்குடியில் உறவினர் வீட்டில் தங்கி வேலை செய்கிறாள். அங்கே ஃபைபர் இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு ஆள் படுக்கத்தான் இடம். அதனால் குழந்தை இங்கே பாட்டியிடம். வெள்ளி இரவு வருகிறாள், ஞாயிறு மாலை பஸ் ஏறுகிறாள். பஸ்ஸுக்கு அவள் கிளம்பும் நேரம் பார்த்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதன் பாட்டி கொல்லைப்புறம் போய்விடுகிறார். தங்கள் குறுஞ்செய்தி இவளுக்கும் வந்தது. வாடிக்கையாளர் வீட்டில் இல்லையாம். அவள் வீட்டில் இல்லாததற்குக் காரணம் யார் என்று தாங்களே யோசித்துப் பாருங்கள்.

தங்கள் தரப்பிலிருந்து வாய்மொழியாக வந்த காரணங்களை நான் அலட்சியப்படுத்தவில்லை. பெட்டியில் உள்ள எட்டு போர்ட்டுகளும், அதாவது இணைப்பு முனைகளும், பெரிய சாலைக் கடைகளுக்கே போய்விட்டன என்று ஒரு முறை சொன்னார்கள். அப்படியானால் அடுத்த பெட்டி பொருத்த வேண்டும், ஸ்பிளைசிங் செய்ய, அதாவது இழைகளை ஒட்டி இணைக்க வேண்டும். அதற்கு ஆளும் கருவியும் வர வேண்டும், புரிகிறது. கம்பத்துக்கு அனுமதி வரவில்லை என்று இன்னொரு முறை சொன்னார்கள். கேபிள் கொண்டுபோகும் வழியுரிமைக்கான புதிய விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கின்றன. அனுமதிக் கோப்பு எந்த அலுவலகத்தில், எந்த மேசையில் நிற்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். தெருவே திரண்டு போய்க் கேட்கிறோம். ஊராட்சி மன்றத்தில் தீர்மானம் வேண்டுமென்றால் அதையும் வாங்கித் தருகிறோம். எங்கள் வாசல் தென்னையில் கேபிள் உரசுமென்றால் மட்டையை வெட்டித் தருகிறோம். தங்களுக்காகக் கம்பம் ஏறும் தம்பி நல்ல பையன். எங்கள் ஏச்சையெல்லாம் அவன்தான் வாங்கிக்கொள்கிறான். அவன் கையில் எந்த முடிவும் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். முடிவு தங்கள் கையில் இருக்கிறது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-இல் வகுத்த சேவைத் தர விதிகளிலேயே, தொழில்நுட்ப வசதி உள்ள இடத்தில் 15 வேலை நாட்களுக்குள் பிராட்பேண்ட் இணைப்புக் கொடுக்க வேண்டும், பணம் வாங்கிக்கொண்டு தாமதித்தால் நாளொன்றுக்கு 10 ரூபாய் வாடிக்கையாளர் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்று இருந்தது. பத்து ரூபாய்க்காக நான் இதை எழுதவில்லை. பணம் வாங்கியபின் காலவரையறை இல்லாமல் காக்கவைக்கக் கூடாது என்பது அன்றே ஏற்கப்பட்ட நியதி என்பதற்காகச் சொல்கிறேன். வசதி இருக்கிறது என்று சொல்லித்தான் முன்பணம் வாங்கினீர்கள். வாங்கிய பிறகு வசதி இல்லை என்பது எப்படி நியாயமாகும்?

இன்னும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனம் கேட்கவில்லை. கிராம ஊராட்சிகளுக்கெல்லாம் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது 2011-இல். பிறகு அதற்குப் பாரத்நெட் என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளையும் இணைப்பது இலக்கு. 2011-இல் பிறந்த குழந்தை இன்று மேல்நிலைப் பள்ளி வயதுக்கு வந்துவிட்டது. ஊரடங்குக் காலத்தில் அந்த வயதுப் பிள்ளைகள் சிக்னல் தேடி மாடியிலும் வரப்பிலும் உட்கார்ந்து பாடம் கேட்டதை எல்லோரும் பார்த்தோம், எல்லோரும் வருத்தப்பட்டோம். அதற்குள் எல்லாமே இணையத்துக்குப் போய்விட்டது. பட்டா நகல் இணையத்தில், நெல் விற்கப் பதிவு இணையத்தில், கல்லூரி விண்ணப்பம் இணையத்தில். 2004-இல் 256 கேபிபிஎஸ் இருந்தால் அகண்ட அலைவரிசை, அதாவது பிராட்பேண்ட், என்றார்கள். பிறகு அதை 512 ஆக்கினார்கள். 2023-இல் 2 எம்பிபிஎஸ் என்றார்கள். எங்கள் தெருவில் இரவு எட்டு மணிக்குச் சோதித்தால் பல நாட்கள் அந்த 2-க்கே வழியில்லை. கேட்பதையெல்லாம் இணையத்தில் கேள் என்று சொல்லிவிட்டு இணையத்தை நகரத்தோடு நிறுத்துவது கிராமத்தானைக் கதவுக்கு வெளியே நிறுத்துவதுதான்.

இது தங்கள் ஒருவர் மீது சுமத்த வேண்டிய பழி இல்லை என்பதை அறிவேன். நான்கு கம்பங்கள் மட்டுமே தங்கள் பொறுப்பு. ஆகவே மறுபடியும் பணிவோடு அதையே கேட்கிறேன்.

முடித்துவைத்த கோரிக்கைகள் அனைத்தையும் மறுபடி திறக்க உத்தரவிடுங்கள். வாடிக்கையாளர் வீட்டில் இல்லை என்ற பதிவை நீக்குங்கள்; அது உண்மையல்ல. எங்கள் தெருவில் இணைப்புத் தொடங்கும் தேதியைத் தங்கள் கையொப்பத்தோடு தாருங்கள். அந்தத் தேதி ஆறு மாதம் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை. ஆறு மாதத்துக்கு வைஃபை பெட்டிக்குச் சேர்த்துக் கட்டிவிட்டுக் காத்திருப்போம். எதிர் வீட்டுப் பெண்ணுக்கும் தன் நிறுவனத்தில் காட்ட ஒரு தாள் கிடைக்கும். கொடுக்க முடியாதென்றால் இந்த மாத இறுதிக்குள் முன்பணத்தைத் திருப்பிவிடுங்கள்; வேறு நிறுவனத்தை அணுகிக்கொள்கிறோம், தங்கள் மீது வருத்தம் இருக்காது.

பதிலை ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக அனுப்ப நேரமில்லை என்றால் ஊராட்சி மன்ற அலுவலகத்துக்கு ஒரே கடிதமாக அனுப்புங்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டிக்கொள்கிறோம். தயவுசெய்து இன்னொரு குறுஞ்செய்தி மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
முன்பணம் கட்டிய தெருவாசிகள் சார்பில்,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்