ஆடி மாதத்தில் கண்டல் நடுவது யாருக்காக?

ஆசிரியர் அவர்களுக்கு,

யூலை 26, கடலோர உப்புச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களுக்கான தினத்தையொட்டிப் பள்ளிப் பிள்ளைகள், கடலோடு சேர்ந்த ஆழமில்லாத உப்புநீர்க் களப்பின் ஓரத்தில் வரிசையாக நின்று கன்று நடும் படம் உங்கள் பத்திரிகையில் வந்திருந்தது. பிள்ளைகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்தத் திகதி யுனெஸ்கோ 2015இல் குறித்தது. திருகோணமலையின் மழையைக் கேட்டுக் குறித்ததல்ல.

நமக்கு மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து தை வரைதான். ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று நாள் முழுக்க அடிக்கும். தம்பலகாமம் குடா போன்ற ஆழமில்லாத நீரில் வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடித்துவிட, மிச்சத்தில் உப்பு ஏறிவிடும். வளர்ந்த மரம் அதைத் தாங்கும். நேற்றுப் பையைக் கிழித்து நட்ட கன்று தாங்குமா?

நாலு வருடத்துக்கு முன் கிண்ணியாப் பக்கம் நானும் இப்படியொரு நடுகைக்குப் போனேன். ஏற்பாடு செய்தவர்களின் பெயர் இங்கே வேண்டாம். ரீசேர்ட் தந்தார்கள், சாப்பாட்டுப் பார்சலும் தந்தார்கள். கன்றெல்லாம் ஒரே இனம், தாங்குவேர் விடும் கண்டல். நட்டது எப்போதும் முழங்கால் தண்ணீர் நிற்கிற சேற்றில். அங்கே முன்பு ஒரு கண்டலும் நின்றதில்லை என்று பக்கத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னார். அவரை யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். மாரி வருமுன்னே பெரும்பாலானவை செத்துவிட்டன. கரைப்பக்கம் நட்டவற்றை மாடு தின்றது.

அந்தப் பெரியவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. கண்டல் கடலிலும் வளராது, தரையிலும் வளராது. தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில்தான் வளரும். நம் கரையில் பெருக்குக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றர்கூட வராது. ஆகவே அதற்கு ஏற்ற நிலம் ஒடுங்கிய ஒரு கீலம்தான். ஒரு சாண் கீழே போனால் கன்று மூழ்கிச் சாகும், மேலே போனால் காய்ந்து சாகும். சேற்றுக்குள் ஒட்சிசனும் கிடையாது. அதனால்தான் கண்ணா மரம் பென்சில் நட்டு வைத்ததுபோல வேரை மேலே நீட்டி மூச்சு விடுகிறது.

பள்ளியில் உயிருள்ள காரணி, உயிரற்ற காரணி என்று இரண்டு நிரல் போட்டு எழுதிப் பாடமாக்கினோம். களப்பில் அந்தக் கோடு நிற்காது. உப்பும் நீர்மட்டமும் எந்த மரம் எங்கே நிற்கலாம் என்று தீர்மானிக்கின்றன, சரி. ஆனால் மரம் நின்றுவிட்டால் அதன் வேர் நீரோட்டத்தைத் தடுத்து, மண்டியைப் படியவைத்து, நிலத்தையே உயர்த்துகிறது. நண்டு வளை தோண்டிச் சேற்றுக்குள் காற்றை விடுகிறது. அந்த வேர்களுக்கிடையில்தான் இறால் குஞ்சு ஒளிந்து வளர்கிறது. நண்டு இல்லாத, நீரோட்டம் இல்லாத இடத்தில் கன்றை மட்டும் கொண்டுபோய்ச் செருகினால் எது வளரும்?

இது என் சொந்தக் கோபம் மட்டுமல்ல. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் நட்டதில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்குதான் பிழைத்திருந்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட இல்லை. பிழையான இடமும் நட்டபின் கவனிக்காததும்தான் முக்கிய காரணங்கள்.

நடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீதி போட்டபோது மதகு வைக்காமல் அடைத்த நீர்வழியை முதலில் திறந்துவிடலாம். தண்ணீர் ஏறி இறங்கத் தொடங்கினால் முருங்கைக்காய் மாதிரித் தொங்கும் அந்தக் கண்டல் காய்கள் தாமே மிதந்து வந்து குத்தி நிற்கும். அதற்கு ரீசேர்ட் தேவையில்லை. நட்டேதான் ஆக வேண்டுமென்றால், மழைநீர் கலந்து உப்புக் குறைந்திருக்கும் தை, மாசியில் நடலாம் என்பது என் அபிப்பிராயம். மாடு போகாமல் வேலியும் அடைக்க வேண்டும்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. நட்ட அன்றைய படத்தைப் போட்டீர்கள். வருகிற ஆடியில் அதே இடத்துக்கு ஆளனுப்பி இன்னொரு படம் எடுத்து, அதே பக்கத்தில் அதே அளவில் போடுவீர்களா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கிண்ணியா.