பொழுதுபோக்காக எழுதினாராம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நகைச்சுவை எழுத்தாளர் கிரேஸி மோகன் பற்றிய கட்டுரையில், சினிமாவில் பெயர் வாங்கிய பிறகு அவர் பொழுதுபோக்காக நாடகங்களும் எழுதினார் என்று ஒரு வரி. காபியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். அப்படியேதான் அச்சாகியிருந்தது.

தங்களுக்குத் தெரியாததா? கிண்டியில் இன்ஜினியரிங் படித்த மோகன் 1976-ல் எஸ்.வி. சேகர் குழுவுக்கு எழுதிய 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகத்திலிருந்துதான் அந்த 'கிரேஸி'யே வந்து ஒட்டிக்கொண்டது. 1979-ல் சொந்தக் குழு. 1983-ல் பாலசந்தர் எடுத்த 'பொய்க்கால் குதிரை'யும் இவருடைய 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகம்தானே? இவர் வசனம் எழுதியதாக நீங்கள் கொண்டாடும் 'அபூர்வ சகோதரர்கள்' படம் வந்தது 1989-ல். பொழுதுபோக்கை 13 வருடம் முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டார் போலிருக்கிறது!

சினிமா ஜோக் தவறிப்போனால் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம். சபா நாடகத்தில் அது நடக்காது. ஒருமுறை மேடையில் மோகனின் தம்பி மாது பாலாஜி ஏதோ சொன்னார், அரங்கம் சிரித்தது. அது அடங்கும் முன்பே பதில் வசனம் வந்து விழுந்துவிட்டது. பக்கத்து சீட் மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "என்ன சொன்னான், என்ன சொன்னான்?" என்று என்னைக் கேட்கிறார். எனக்கும்தான் கேட்கவில்லை. அந்த ஒரு வரிக்காகவே அடுத்த வாரம் வேறொரு சபாவில் டிக்கெட் எடுத்தேன். அங்கேயும் அதே இடத்தில் அதே சிரிப்பு. இன்றுவரை அந்த வரி எனக்குத் தெரியாது.

சரி, கட்டுரை எழுதியவர் சின்ன வயதுக்காரராக இருக்கலாம். 2019 ஜூனில் மோகன் மறைந்தபோது தாங்கள் போட்ட அஞ்சலியிலும் சினிமா ஸ்டில்கள்தானே இருந்தன? மேடையில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அதற்கும் முன்னால் நாடக விமர்சனப் பக்கத்தை எடுத்துவிட்டு ராசிபலனை நீட்டினீர்கள். அப்போதும் கடிதம் போட்டேன். என் ராசிக்கு அந்த வாரம் 'பொறுமை தேவை' என்று வந்தது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன். டிவிக்காரர்களைச் சொல்லவே வேண்டாம். நாள் முழுக்க அவர் எழுதிய காமெடியை ஓட்டுகிறார்கள், எழுதியவர் பெயர் மட்டும் வராது.

திருத்தம் போடுங்கள் என்று கேட்கும் துணிச்சல் எனக்கில்லை. எந்த சபாவில் என்ன நாடகம், எத்தனை மணிக்கு என்று முன்பெல்லாம் ஒரு சின்னக் கட்டம் வருமே, அதையாவது மறுபடி போடுவீர்களா? ராசிபலனுக்குக் கீழே இரண்டு விரற்கடை இடம் போதும்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
மயிலாப்பூர்