"பொறுத்துப் போ மகள்" எண்டு சொல்ல முதல்: யாழ்ப்பாணத்துப் பாதர்மாருக்கும் போதகர்மாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாதர்மார், போதகர் ஐயாமார், ஜெபவீடு நடத்துற பாஸ்டர்மார் எல்லாருக்கும் தோத்திரம்.

முதல்லயே சொல்லிப்போடுறன், இது கோயில விட்டுப் போற ஆளின்ர கடிதமில்ல. எனக்கு ஆண்டவரில கோவமும் இல்ல. ஆண்டவர் எனக்குச் செய்ததுக்கும் அவற்ற பேரில நீங்கள் எனக்குச் சொன்னதுக்கும் நடுவில சரியான தூரம் கிடக்கு, அதைச் சொல்லத்தான் எழுதுறன்.

நான் கரையோரப் பங்கொண்டில பிறந்து வளந்தனான். ஞானஸ்நானம், முதல் நன்மை, கலியாணம் எல்லாம் ஒரே கோயில்ல. மனுசன் குடிச்சாலும் அடிப்பார், குடிக்காட்டியும் அடிப்பார், அதைப் பற்றி இதுக்கு மேல எழுதப் போறேல்ல, எழுதினால் எல்லாரும் அடியைப் பற்றித்தான் கதைப்பினம், நான் சொல்ல வாறது விடுபட்டுப் போடும்.

அடியோட சேந்து வந்தது கடன். வள்ளத்துக்கு இஞ்சின் எடுக்க எண்டு என்ர பேரில குழுக்கடன் எடுக்க வைச்சார், ஏனெண்டால் அந்தக் கொம்பனியள் பொம்பிளையளுக்குத்தான் குடுப்பினம், ஒராளுக்கு மற்றாள் பிணை, கிழமைக்கு ஒருக்கா ஒரு வீட்டில எல்லாரும் கூடிக் கட்டோணும், ஒருத்தி கட்டாட்டி மற்றவை எழும்பிப் போகேலாது, அவளின்ர காசையும் பிரிச்சுப் போட்டுக் கட்டோணும். என்னோட ஒண்டா ஜெபமாலை சொன்ன பொம்பிளையள் என்னைக் கண்டால் ரோட்டில மற்றப் பக்கம் போகத் தொடங்கினது இப்பிடித்தான். அவையிலயும் பிழை இல்ல, அவையின்ர வீட்டிலயும் உலை கொதிக்கோணுமே. பிறகு அந்தக் கடனைக் கட்ட இன்னொரு கொம்பனி, அதைக் கட்ட தாலிக்கொடி அடைவில, இஞ்சின் வந்ததோ எண்டு கேட்டால் பாதி இஞ்சின்தான் வந்தது, மிச்சம் எங்க போனதெண்டு தவறணைக்காரருக்குத் தெரியும்.

2018இல அரசாங்கம் வறட்சி பாதிச்ச மாவட்டங்களில பொம்பிளையளின்ர ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனைத் தள்ளுபடி செய்யிறம் எண்டு அறிவிச்சது, வட்டியும் வருசத்துக்கு 35 வீதத்துக்கு மேல போகக்கூடாது எண்டு சொன்னவை. 35 எண்டுறதையே ஒரு சலுகையாச் சொல்லோணுமெண்டால் அதுக்கு முதல் என்ன நடந்திருக்குமெண்டு நீங்களே யோசியுங்கோ. பிறகு 2022இல மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளமெல்லாம் கரையில கிடந்த காலம், அரிசி விலை ஏறின காலம். கொம்பனிக்காரர் வாசல்ல வந்து நிண்டவை, உள்ளுக்கு மனுசன். ரெண்டுக்கும் நடுவில நானும் பிள்ளையளும்.

அந்த நேரம் என்னை உயிரோட வைச்சிருந்தது அம்மம்மாவின்ர பழைய பைபிள்தான், இதை நான் பெருமைக்குச் சொல்லேல்ல. சங்கீதப் புத்தகம் இவ்வளவு முறைப்பாடு நிறைஞ்சதெண்டு எனக்கு முதல் தெரியாது, கோயில்ல வாசிக்கேக்க பாட்டுப் பாடி மெல்லமாக் கடந்து போடுவம். 55ஆம் சங்கீதத்தில ஒருத்தர் சொல்லுறார், என்னை நிந்திச்சது சத்துரு எண்டால் தாங்கியிருப்பன், ஆனால் என்னோட கூட இருந்த நீயல்லோ எண்டு. வாசிச்சுப்போட்டு பிள்ளையள் முழிக்கக்கூடாதெண்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதனான். ஏனெண்டால் இது பைபிளில கிடக்கு, அப்ப நான் முறையிடுறது பாவமில்ல. 56ஆம் சங்கீதத்தில என்ர கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும் எண்டு கேக்கினம், துருத்தி எண்டால் தோல்பை. அழாத எண்டு ஆண்டவர் சொல்லேல்ல, அழுததை எண்ணி வைக்கிறார். எனக்குக் கிடைச்ச ஆறுதல் அதுதான், பெரிய தரிசனம் ஒண்டுமில்ல, நடக்கிறதை ஒராள் பாத்துக்கொண்டிருக்கிறார் எண்டுறதுதான்.

அந்தத் தெம்பிலதான் உங்களிட்ட வந்தனான். வந்த இடத்தில என்ன சொன்னனீங்கள்? ஒராள் "பொறுத்துப் போ மகள், குடும்பமெண்டால் அப்பிடித்தான்". இன்னொராள் என்ர மனுசனையும் கூப்பிட்டு என்னையும் பக்கத்தில இருத்தி, ரெண்டு பேரும் கை பிடிச்சு சமாதானம் சொல்லுங்கோ எண்டார், அண்டைக்கு இரவு வீட்ட போய் நான் வாங்கினது அந்த சமாதானத்துக்கும் சேத்துத்தான். மூண்டாவது ஆள், ஆபிரகாம் வீட்டில இருந்து ஓடிப்போன அடிமைப் பொம்பிளை ஆகாரின்ர கதையைச் சொன்னார், தூதன் அவளைத் திரும்பிப் போய் நாச்சியாரின்ர கையின்கீழ அடங்கியிரு எண்டு சொன்னவர்தானே, அப்ப நீயும் திரும்பிப் போ எண்டார்.

ஆதியாகமம் 16 அது. நான் வீட்ட போய் 21ஆம் அதிகாரம் மட்டும் வாசிச்சனான், அவர் வாசிக்காமல் விட்ட இடம் அதுதான் எண்டு நினைக்கிறன். அங்க ஆகார் திரும்பவும் வனாந்தரத்தில, தோல்பையில தண்ணி முடிஞ்சுது, பிள்ளையை ஒரு செடியடியில விட்டுட்டு, அது சாகிறதைப் பாக்கேலாதெண்டு எட்டத் தள்ளிப் போய் இருந்து அழுகிறாள். இந்த முறை தேவன் அவளைத் திரும்பிப் போகச் சொல்லவே இல்ல. பிள்ளையைத் தூக்கு எண்டார், அவளின்ர கண்ணைத் திறந்தார், பக்கத்தில துரவு இருந்தது. பைபிளில ஆண்டவருக்கு முதன்முதல் ஒரு பேர் வைச்ச ஆளும் இவள்தான், "நீர் என்னைக் காண்கிற தேவன்" எண்டு. ஒரு அடிமைப் பொம்பிளை, அதுவும் அயல் தேசத்தாள். இந்தக் கதையை வைச்சு ஒருத்தியை அடிக்கிறவனிட்டத் திருப்பி அனுப்ப உங்களுக்கு எப்பிடி மனம் வருகுது?

அடுத்தது சிலுவை. "அது உன்ர சிலுவை, சுமக்கத்தான் வேணும்" எண்டு சொல்லாத ஆள் இல்ல. தபசு காலம் வந்தால் எங்கட ஊர் முழுக்க சிலுவைப்பாதை, பாடுகளின்ர நாடகம், சேவகர் இயேசுவை அடிக்கேக்க முன்வரிசையில இருக்கிற ஆச்சிமார் சத்தம் வைச்சு அழுவினம், நானும் அழுதிருக்கிறன். அதே சனத்துக்கு நடுவில கழுத்தைச் சேலையால மூடிக்கொண்டு ஒருத்தி இருக்கிறாள், அவளை ஒருத்தருக்கும் தெரியேல்ல. சிலுவைப்பாதையின்ர 5ஆம் தலத்தில சிலுவையைச் சேந்து சுமக்க சீமோன் வாறார், 6ஆம் தலத்தில முகத்தைத் துடைக்க வெரோனிக்கா வாறா. இயேசுவே தனியச் சுமக்கேல்ல ஐயா. அப்ப நாங்கள் மட்டும் ஏன் தனியச் சுமக்கோணும்?

எனக்கு வெரோனிக்காவா வந்தது ஒரு சிஸ்டர். பிரசங்கம் ஒண்டும் வைக்கேல்ல. "காயத்தைக் காட்டு" எண்டா, பாத்தா, அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் சட்ட வைத்திய அதிகாரியிட்டக் காட்டினா, பிறகு பொலிஸில பெண்கள் சிறுவர் பிரிவுக்கும் கூடவே வந்து வாங்கில இருந்தா. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கிறதே அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீதவான் நீதிமன்றத்தில நாங்களே விண்ணப்பிக்கலாம், எங்களுக்காகப் பொலிஸும் செய்யலாம், முதல்ல இடைக்காலக் கட்டளை, பிறகு விசாரிச்சு 12 மாசம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை. அது கலியாணத்தை முறிக்கிற வழக்கில்ல, அவரை மறியலுக்கு அனுப்புற வழக்கும் இல்ல, அவர் கட்டளையை மீறினாத்தான் தண்டனை. இது தெரிஞ்சால் பயத்தில இருக்கிற எத்தினை பொம்பிளையள் துணிஞ்சு போவினம்.

கத்தோலிக்கப் பாதர்மாருக்கு இன்னொண்டு, நான் உங்களுக்குப் படிப்பிக்க வரேல்ல, ஆனால் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில 1153ஆம் இலக்கத்தை எடுத்துப் பாருங்கோ. மற்றவருக்கோ பிள்ளையளுக்கோ உடலாலயோ மனதாலயோ பெரிய ஆபத்து விளைவிச்சால் விலகிப் போக நியாயமான காரணம் இருக்கு, சுணங்கினால் ஆபத்தெண்டால் தன்ர முடிவிலயே விலகலாம் எண்டுதான் அதில கிடக்கு. உங்கட சொந்தச் சட்டம் என்னை விடுது, நீங்கள் ஏன் விடுறீங்கள் இல்ல?

கடன் விசயத்துக்கு வாறன். ஒரு ஜெபக்கூட்டத்தில எனக்குச் சொன்னவை, விசுவாசத்தோட விதைப்புக் காணிக்கை போடு, கடன் எல்லாம் உடையும் எண்டு. அடைவுக்குப் போகாமல் மிஞ்சின சின்னத் தோட்டையும் போட்டிருப்பன், பிள்ளையின்ர பள்ளிக்கூடச் சப்பாத்து ஞாபகம் வந்ததால தப்பிச்சுது. ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில போட்ட ரெண்டு காசைப் பற்றி எல்லாரும் பிரசங்கம் வைக்கிறியள், மாற்கு 12இல அதுக்குச் சரியா மேல 40ஆம் வசனத்தில விதவைகளின்ர வீடுகளைப் பட்சிக்கிறவையைப் பற்றி இயேசு சொன்னதை மட்டும் ஏன் தாண்டிப் போறியள்?

எலிசா தீர்க்கதரிசியைப் பாருங்கோ. 2 இராஜாக்கள் 4இல ஒரு விதவை, அவளின்ர மனுசனும் தீர்க்கதரிசிகளின்ர கூட்டத்து ஆள்தான், கடன் குடுத்தவன் ரெண்டு பொடியளையும் அடிமையாக் கொண்டு போக வந்திட்டான். எலிசா காணிக்கை கேக்கேல்ல. நான் உனக்கு என்ன செய்யோணும், வீட்டில என்ன இருக்கு எண்டுதான் கேட்டவர். ஒரு குடம் எண்ணெய். அயலட்டையில வெறும் பாத்திரங்கள் வாங்கு எண்டார், கடைசியா எண்ணெயை வித்துக் கடனைத் தீர், மிஞ்சினதில நீயும் பிள்ளையளும் சீவியுங்கோ எண்டார். அற்புதம் நடந்ததுதான், ஆனால் கணக்கும் பாத்தவர், அயலையும் சேத்தவர், அடுத்த மாசத்துச் சாப்பாட்டையும் யோசிச்சவர். இப்ப நான் ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் இடிச்சுப் பொதி பண்ணிக் குடுக்கிறன், முதல் பொதியளை வாங்கினது அந்த சிஸ்டரின்ர கன்னியர் மடம். கடன் இன்னும் முடியேல்ல, குறைஞ்சு வருகுது.

உங்களிட்ட நான் கேக்கிறது பெரிசா ஒண்டுமில்ல. அடிக்கிறவரையும் அடி வாங்கினவளையும் ஒரே அறையில இருத்திச் சமாதானம் பேசாதையுங்கோ, அவளைத் தனியக் கேளுங்கோ. கலியாண அறிவித்தல் ஒட்டுற பலகையில பெண்களுக்கான 1938 இலக்கத்தையும் பிள்ளையளுக்கான 1929 இலக்கத்தையும் பெரிய எழுத்தில ஒட்டுங்கோ, காசு செலவில்ல. பங்குச் சபையில வங்கியில வேலை செய்து ஓய்வு பெற்ற ஐயாமார் எத்தினை பேர் இருக்கினம், மாசத்தில ஒரு ஞாயிறு பூசை முடிய இருந்து கடன் கடுதாசியளை வாசிச்சு விளங்கப்படுத்தச் சொல்லுங்கோ, நான் கையெழுத்து வைச்ச தாளில என்ன இருந்ததெண்டு கன காலம் எனக்குத் தெரியாது. கலியாண ஆயத்த வகுப்பில மனைவிமாருக்குக் கீழ்ப்படிவு படிப்பிக்கிற அளவு நேரம், புருசன்மார் மனைவிமாரில அன்பு வைக்கோணும் எண்டு சொல்லுற எபேசியர் 5:25ஐயும் பொடியளுக்குப் படிப்பியுங்கோ. திருநாளுக்கு வெடிக்கும் சோடனைக்கும் சேக்கிற காசில கொஞ்சத்தை ஒதுக்கினால் இரவில பிள்ளையளோட ஓடி வாற ஒருத்திக்கு ரெண்டு நாள் தங்க ஒரு அறை ஒழுங்கு பண்ணலாம், அதுக்கு அந்தோனியார் கோவிக்க மாட்டார்.

பதில் சொல்லுறதெண்டால் பூசை முடிவில அறிவித்தலோட சேத்து எல்லாருக்கும் கேக்க வாசியுங்கோ. விசாரிச்சு ஆளை மட்டும் அனுப்பாதையுங்கோ, நான் இப்ப எங்க இருக்கிறன் எண்டு அவருக்குத் தெரியாது.

கிறிஸ்துவுக்குள்,
உங்கட பங்குப் பிள்ளை ஒருத்தி
யாழ்ப்பாணம்