எங்களுக்குப் புரியாது என்று யார் சொன்னது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ‘ஆரண்ய காண்டம்’ திரைப்படம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படத்தை மனதாரப் புகழ்ந்திருக்கிறார் கட்டுரையாளர். ஆனால் அது ஏன் ஓடவில்லை என்பதற்கு, "பி, சி சென்டர் ரசிகர்கள் தயாராக இல்லை" என்று ஒரே வரியில் காரணம் சொல்லிவிட்டார். அந்த வரிதான் உறுத்துகிறது. பெரிய நகரங்களுக்கு அடுத்த நடுத்தர ஊர்களையும் சின்ன ஊர்களையும்தான் சினிமாக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். நான் அந்த பி, சி சென்டர்காரன்.

எங்கள் வேலூர் இருந்த வட ஆற்காடு என்ற மாவட்டம் இன்று வரைபடத்தில் இல்லை. சினிமா வியாபாரத்தில் மட்டும் தென் ஆற்காடு, செங்கல்பட்டோடு சேர்த்து ‘என்.எஸ்.சி. ஏரியா’ என்ற பெயரில் இன்னும் இருக்கிறோம்.

தணிக்கையில் 52 வெட்டுகள் கேட்டு, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய், 2011 ஜூன் 10 அன்று வந்த படம் அது. அப்போது எனக்கு ராணிப்பேட்டையில் ஷிப்ட் வேலை, ஞாயிறு மட்டும் லீவு. முதல் ஞாயிறு சொந்தத்தில் ஒரு கல்யாணம். அடுத்த ஞாயிறு நண்பர்கள் மூன்று பேர் பஸ் பிடித்து வேலூர் வந்தால், தியேட்டரில் வேறு போஸ்டர். வந்து பார்க்க நின்றவர்களைத்தான் "தயாராக இல்லை" என்கிறீர்கள்.

பிறகு டிவிடியில், குடியாத்தத்தில் என் மாமனார் வீட்டில் பார்த்தேன். அவர் கைத்தறி நெசவாளர், பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஒரே நாளில் நடக்கிற கதை, பாட்டு கிடையாது, யார் நல்லவன் என்றே சொல்லாத படம். அவர் எழுந்து போகவே இல்லை. வாழ்ந்து கெட்ட அந்தக் காளையனும் அவன் மகன் கொடுக்காப்புளியும் வரும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பன் எப்படியாப்பட்டவனா இருந்தாலும் வுட்டுக் குடுக்கல பாரு அந்தப் பய" என்றார். நான் படித்த விமர்சனங்களில் வெளிநாட்டு இயக்குநர்களின் சாயல், கேமரா, எடிட்டிங் எல்லாம் இருந்தன. அந்தத் தகப்பனும் பிள்ளையும் இரண்டு வரிக்கு மேல் இல்லை. அறிமுக இயக்குநருக்கும் படத்தொகுப்புக்கும் தேசிய விருது கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். ஆனால் குடியாத்தத்தில் ஒரு கிழவரை உட்கார வைத்தது எடிட்டிங் மட்டுமல்ல.

1954இல் எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ எடுத்தார். அதுவும் கொலைக் கதை, அதிலும் பாட்டே இல்லை. முதலில் வந்தபோது ஓடவில்லை. தேசிய விருதுக்குப் பிறகு ஏவி.எம். மறுபடியும் வெளியிட்டபோது மக்கள் போய்ப் பார்த்தார்கள். இடையில் ரசிகர்களா மாறிவிட்டார்கள்? இன்னொரு வாய்ப்பு கிடைத்தது, அவ்வளவுதான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி ஒரு படம் சின்ன ஊர்களில் எடுபடவில்லை என்று எழுதும்போது, அந்த ஊரில் எத்தனை நாள், எத்தனை காட்சி ஓடியது என்று விசாரித்து அதையும் பக்கத்திலேயே போடுங்கள். வேலூர் பற்றிக் கேட்க ஆள் வேண்டுமென்றால் நான் தியேட்டர் தியேட்டராகப் போய்க் கேட்டு எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.