பக்கவாதம்: எங்கே ஓடுவது என்று எழுதிப் போடுங்கள்

ஆசிரியருக்கு,

துறையூர் பக்கம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தெருவில் மட்டும் வாதம் வந்து படுத்தவர்கள் மூன்று பேர். மூவருமே, 'இப்போ நல்லாத்தானே இருக்கு' என்று பிரஷர் மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள்.

கடைசியாக விழுந்தவர் டெய்லர். காலையில் வலது கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது; வாய் கோணிக்கொண்டது; பேச்சு குழறியது. வாயு என்று சொல்லித் தைலம் தேய்த்தார்கள். ஒருவர் புறா ரத்தத்துக்கே ஆள் அனுப்பிவிட்டார்! அப்புறம் காரில் தூக்கிப்போன ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் இல்லை. அங்கிருந்து இன்னொன்று. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேனில் பார்க்காமல் போடவும் கூடாது. இவர் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். ஊருக்கே சட்டை தைத்தவருக்கு இன்று தன் சட்டைப் பொத்தானைப் போட ஆள் வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள், பிசியோதெரபியும் செய்கிறார்கள். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் விழுந்த அன்றைக்கு எங்கே ஓடுவது என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லையே?

இரவிலும் ஸ்கேனும் இந்த ஊசியும் கிடைக்கும் அரசு மருத்துவமனைகள் எவை என்று ரேஷன் கடைச் சுவரிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எழுதிப் போடட்டும். 108 வண்டியும் வழியில் எங்கும் இறக்காமல் நேராக அங்கேயே கொண்டுபோகட்டும்.

ஓய்வுபெற்ற தபால்காரர்,
துறையூர் வட்டம்