கருவிக்கு முன்னால் கை பழக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவ ஆய்வக உதவியாளர் பயிற்சி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில் கருவிகளுக்கே முக்கால்வாசி இடம் போய்விட்டது. ரத்தத்தைப் பரிசோதிக்கும் அனலைசர் கருவியை இயக்கத் தெரிந்தால் போதும் என்று சேரப்போகும் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. ஆய்வகப் பிழைகளில் பெரும்பாலானவை சாம்பிள் கருவிக்குள் போவதற்கு முன்பே நேர்ந்துவிடுகின்றன. அந்தக் கட்டம் பெரும்பாலும் உதவியாளரின் கையில்தான் இருக்கிறது.

முதலில், பெயர் கேட்கும் விதம். பெயரை நாமே சொல்லி "நீங்கதானே?" என்று கேட்டால், காய்ச்சலில் கிடப்பவரும் காது மந்தமானவரும் தலையாட்டிவிடுவார்கள். பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். லேபிளை ரத்தம் எடுத்த பிறகு, அவர் பக்கத்தில் நின்றபடியே ஒட்ட வேண்டும். முன்கூட்டியே ஒட்டிவைத்த காலி டியூப் அடுத்தவருக்குப் போய்விடும். ரத்தம் ஏற்றுவதற்காக குரூப் பார்க்கும் சாம்பிளில் இப்படி நடந்தால் உயிருக்கே ஆபத்து.

ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டும் டூர்னிகேட் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கத்தில் இருக்கக் கூடாது. "கையை மூடி மூடித் திறங்க" என்று சொல்லும் பழக்கத்தையும் பயிற்சியிலேயே நிறுத்திவிட வேண்டும். அது பொட்டாசியத்தைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். ஸ்பிரிட் தடவிய இடம் தானாகக் காய வேண்டும், ஊதக் கூடாது.

டியூப்களின் வரிசையை மாணவர்கள் பாட்டுப்போல ஒப்பிப்பார்கள்: பிளட் கல்ச்சர் (கிருமி வளர்த்துப் பார்க்கும் பாட்டில்), நீல மூடி, சிவப்பு, பச்சை, ஊதா, சாம்பல். ஏன் இந்த வரிசை என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. ஒரு டியூபிலுள்ள மருந்து அடுத்ததில் கலந்து முடிவைக் கெடுக்கக் கூடாது என்பதற்காகத்தான். ஊதா டியூபில் இருக்கும் ஈடிடிஏ ஒரு பொட்டாசியம் உப்பு. ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அது உறைவதைத் தடுக்கிறது. சிவப்பு டியூபில் ரத்தம் குறைந்துவிட்டதென்று ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றினால் என்ன ஆகும்? பொட்டாசியம் 8-க்கு மேல் எகிறி, கால்சியம் 5-க்குக் கீழே இறங்கி ரிப்போர்ட் வரும். நன்றாக இருக்கும் மனிதருக்கு அவசர சிகிச்சை ஆரம்பித்துவிடுவார்கள். இந்த இரண்டு எண்களையும் ஒன்றாகப் பார்த்ததுமே சந்தேகம் வந்து, வேறு சாம்பிள் கேட்கும் அளவுக்குப் பிள்ளைகள் தேற வேண்டும்.

நீல மூடி டியூபில் கோடு வரை ரத்தம் வேண்டும். அதில் இருக்கும் 0.3 மி.லி. சிட்ரேட்டுக்கு (இதுவும் உறையாமல் தடுக்கும் மருந்துதான்) 2.7 மி.லி. ரத்தம் என்பது கணக்கு. பாதியில் நிறுத்தினால் சிட்ரேட் மிஞ்சி, ரத்தம் உறையும் நேரம் நீண்டு காட்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதை நம்பி மருந்தைக் குறைத்துவிடலாம். மெல்லிய குழாய் இணைத்த பட்டர்ஃபிளை ஊசியில் அந்தக் குழாயிலிருக்கும் காற்று முதல் டியூபுக்குள் போவதால்தான் இந்தக் குறை வருகிறது. முதலில் ஒரு டியூபை வீணாக்கிவிட்டு நீலத்தை மாட்டினால் தீர்ந்தது.

எடுத்த டியூபைக் குலுக்கக் கூடாது, மெதுவாகத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். ஊதாவுக்கு 8 முதல் 10 முறை, நீலத்துக்கு 3, 4 முறை. திருப்பாமல் விட்டால் அடியில் சிறு கட்டி சேர்ந்து, தட்டணு எண்ணிக்கை குறைவாக வரும். குலுக்கினால் சிவப்பணு உடையும். சீரம் டியூப் சுமார் 30 நிமிடம் நின்று உறைந்த பிறகே சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜுக்குப் போக வேண்டும். அவசரப்பட்டால் ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் நூல் நூலாக நின்று கருவியின் ஊசியை அடைத்துக்கொள்ளும். பிரிக்காமல் மேசையில் கிடக்கும் ரத்தத்தில் சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறைந்துகொண்டே போகும். சாம்பல் மூடி டியூப் அதற்காகத்தான்.

ஸ்மியர் போடுவதை, அதாவது மைக்ரோஸ்கோப்பில் பார்க்க ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லிசாகப் பரப்புவதை, பாடமாகச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சிறு துளி, தள்ளும் ஸ்லைடுக்கு 30 முதல் 45 டிகிரி சாய்வு, தயங்காத ஒரே தள்ளு. நுனி நாக்கு மாதிரி மெலிந்து, ஸ்லைடு முடிவதற்கு முன்பே நிற்க வேண்டும். துளி பெரிதானால் அந்த நாக்கே வராது. ரத்தசோகை உள்ளவரின் நீர்த்த ரத்தத்துக்குச் சாய்வைக் கூட்ட வேண்டும், கெட்டியான ரத்தத்துக்குக் குறைக்க வேண்டும். ஆளுக்கு 50 ஸ்லைடாவது வீணாக்க விட்டால்தான் இது கைக்கு வரும். ஸ்லைடை எண்ணிக் கொடுக்கும் பயிற்சிக்கூடத்தில் வராது.

படிப்பில் சேருகிறவர்கள் எத்தனை கருவி இருக்கிறது என்பதோடு, மேற்பார்வையில் எத்தனை முறை ரத்தம் எடுக்க விடுவார்கள், பக்கத்தில் நிற்பவர் யார் என்றும் கேட்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் பற்றியும் கேளுங்கள். மூன்று டோஸ் போட்டு முடிக்கச் சில மாதங்கள் ஆகும். முதல் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே அது முடிந்திருக்க வேண்டும். குத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடக் கூடாது. கையில் குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, அப்போதே சொல்ல வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் ஓரிரு மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும். திட்டு விழுமோ என்று பயந்து மாணவர் மறைத்தால் அந்த நேரம் போய்விடும். ஆகவே, ஊசி குத்திக்கொண்டால் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பதை முதல் நாளிலேயே அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்பநர் ஒருவர்